பிளேன் தரையில நிக்கேக்க புகையைக் குறைக்கிறது எப்பிடி: கட்டுநாயக்க வெக்கைக்கு ஏத்த முழு வழிகாட்டி

புறக்கோட்டையில எயார்போர்ட் போற ஏசி பஸ் நிக்கிறதைப் பாத்திருப்பீங்க. சீட் நிரம்பும்வரைக்கும் நகராது, ஆனா எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனெண்டா எஞ்சினை நிப்பாட்டினா ஏசி நிண்டுடும், ஏசி நிண்டா உள்ளுக்கு இருக்கிற சனம் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குப் போயிடும். கட்டுநாயக்கவில பேயில, அதாவது பிளேனை நிப்பாட்டி வைக்கிற இடத்தில, நிக்கிற பிளேனும் அச்சொட்டா இந்த வேலையத்தான் செய்யுது. ரெண்டு பெரிய எஞ்சினும் நிண்டுட்டுது எண்டு நாங்க நினைப்பம், ஆனா வால் நுனியில ஒரு ஓட்டை இருக்கும், அதுக்குள்ள ஒரு குட்டி ஜெட் எஞ்சின் ஊளையிட்டுக்கொண்டு கிடக்கும். அதுக்குப் பேர் ஏபியூ. பிளேனுக்குத் தேவையான கரண்டையும் ஏசிக்குத் தேவையான அமுக்கக் காத்தையும் அதுதான் குடுக்குது. அதை எவ்வளவு நேரம் நிப்பாட்டி வைக்கேலும் எண்டுறதுதான் இந்தக் கட்டுரையின்ட கதை.

நான் கல்ஃபில ஒரு எயார்போர்ட்டில கன வருஷம் ரேம்பில (பிளேன் நிக்கிற தரையில) வேலை செய்துபோட்டு இப்ப வெள்ளவத்தையில வந்து இருக்கிறன். காலி வீதியில ஏவியேஷன் கோர்ஸ் படிக்கிற பெடியள் சிலபேர் வந்து "அண்ணை, கிரீன் எயார்போர்ட் எண்டு ஒரு அசைன்மென்ட் இருக்கு, என்ன எழுதுறது" எண்டு கேப்பாங்க. எல்லாரும் முதல்ல எழுதிக்கொண்டு வாறது எலெக்ட்ரிக் வண்டியும் சோலார் பேனலும்தான். அதுவும் தேவைதான், இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா எங்கட ஊர் வெக்கையில முதல் சாமான் குளிர் காத்து. கரண்ட் வயரை மட்டும் குத்திவிட்டா ஏபியூ நிக்காது. இதை மனசில வச்சுக்கொண்டு மிச்சத்தை வாசிங்க.

முதல்ல கணக்கைப் பிடிங்க

ஏ320 மாதிரி ஒரு பிளேன்ட ஏபியூ ஏசியும் சேத்து ஓடேக்க மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 100 தொடக்கம் 130 கிலோ எரிபொருள் குடிக்கும். ஐசிஏஓ எண்டுற ஐநா விமானப் போக்குவரத்து அமைப்பின்ட எயார்போர்ட் காத்துத் தரக் கையேட்டில, அளந்த கணக்கு இல்லாத இடத்துக்கு எண்டு ஒரு பொதுக் கணக்கு குடுத்திருக்கு: கிட்டத் தூரம் ஓடுற பிளேனுக்கு ஒரு வரவு-போக்குக்கு 45 நிமிஷ ஏபியூ, 80 கிலோ எரிபொருள். தூரம் போற பெரிய பிளேனுக்கு 75 நிமிஷம், 300 கிலோ. 80 கிலோ எண்டா 100 லீட்டர். 2022ல கியூஆர் கோட்டா முதல் வந்த நேரம் த்ரீவீலுக்கு கிழமைக்கு 5 லீட்டர்தான் தந்தாங்க, ஞாபகம் இருக்கும். அந்தக் கணக்கில ஒரு த்ரீவீல்ட 20 கிழமைப் பங்கை ஒரு சின்னப் பிளேன் சும்மா நிண்டபடி முக்கால் மணித்தியாலத்தில ஊதித் தள்ளுது.

எரிபொருள் ஒரு கிலோ எரிஞ்சா 3.16 கிலோ காபனீரொட்சைட்டு வரும். (எரிபொருளைவிடப் புகை எப்பிடிப் பாரம் கூடும் எண்டு கேக்காதீங்க, மிச்சப் பாரம் காத்தில இருக்கிற ஒட்சிசன்.) அப்ப 80 கிலோவுக்கு 250 கிலோ சொச்சம், 300 கிலோவுக்கு கிட்டத்தட்ட 950 கிலோ.

இது பொதுக் கணக்கு, உங்கட ஸ்டேஷன்ட கணக்கு வேற. அதால ரெண்டு கிழமைக்கு ஒரு கொப்பி போடுங்க. ஒவ்வொரு ஃபிளைட்டுக்கும் சொக்ஸ் (சில்லு உருளாம வைக்கிற கட்டை) வச்ச நேரம், கிரவுண்ட் பவர் குத்தின நேரம், குளிர் காத்து குடுத்த நேரம், ஏபியூ நிண்ட நேரம், திரும்ப ஸ்டார்ட் பண்ணின நேரம், சொக்ஸ் எடுத்த நேரம். கடைசியா "ஏபியூ ஏன் ஓடினது" எண்டு ஒரு கட்டம், அதுதான் பொன் மாதிரிக் கட்டம். ஏபியூ நிண்ட நேரத்தைக் கேட்டே எழுதலாம், அந்த ஊளை அடங்கினா காதுக்கே தெரியும். பட்டனை அமத்தினவுடன நிக்காது எண்டுறதை மட்டும் கவனியுங்க, காத்து குடுத்துக்கொண்டிருந்த ஏபியூ சூடாறுறதுக்கு ஒண்டு ரெண்டு நிமிஷம் ஓடித்தான் நிக்கும்.

பிளேன் வர முதலே சாமான் பேயில நிக்கவேணும்

கன இடத்தில நேரம் வீணாப் போறது இங்கதான். பிளேன் வந்து நிண்டபிறகுதான் ஜிபியூவை, அதாவது தரையில இருந்து கரண்ட் குடுக்கிற வண்டியை, தேடுவாங்க: "ஜிபியூ எங்க?", "அது அடுத்த பேயில", "டிரைவர் எங்க?", "டீ குடிக்கப் போயிட்டார்". பத்து நிமிஷம் போச்சு. பத்து நிமிஷ ஏபியூ எண்டா கிட்டத்தட்ட 20 கிலோ எரிபொருள், அது ஒரு பிளேன்டி குடிக்கிற நேரம். பிளேன் இறங்க பத்து நிமிஷத்துக்கு முந்தியே ஜிபியூவும் குளிர் காத்து ஊதுற யூனிட்டும் பேயின்ட கோட்டுக்கு வெளியில ரெடியா நிண்டு, ஸ்டார்ட் பண்ணிப் பாத்தும் இருக்கவேணும். ஏரோபிரிட்ஜ் பேயில நிரந்தரமா கரண்ட் பிளக் பூட்டியிருந்தா இந்தத் தலையிடி இல்ல, தூரத்து பேக்கு, அதாவது ஆக்களை பஸ்ஸில ஏத்தி இறக்கிற இடத்துக்கு, வண்டிதான் ஓடிப்போகவேணும்.

பிளேன் நிண்டு, எஞ்சின் ரெண்டும் அடங்கி, முதுகிலயும் வயித்திலயும் மினுக்கிற சிவப்பு லைட் நிக்கும்வரைக்கும் கிட்டப் போகாதீங்க. சொக்ஸ் வச்சு, கோன் வச்சு, பிறகுதான் கேபிள்.

கேபிள் குத்துற விதம்

பிளேனுக்குத் தேவையானது 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், மூண்டு பேஸ். எங்கட வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதைக் கன்வேட்டர் போட்டு மாத்தித்தான் குடுக்கவேணும். ஏ320க்கு 90 கேவிஏ ஜிபியூ ஒண்டு, ஒரு பிளக். ஏ330க்கு ரெண்டு பிளக், கரண்டும் அதுக்கேத்த மாதிரிக் கூட வேணும். ரெண்டு பிளக் தேவையான பிளேனுக்கு ஒண்டை மட்டும் குத்திப்போட்டு வேலை முடிஞ்சுது எண்டு போறவங்களையும் கண்டிருக்கிறன்.

பிளக்கைக் கையில எடுத்து முதல் அதின்ட வாயைப் பாருங்க. நாலு பெரிய ஓட்டை, ரெண்டு சின்ன ஓட்டை. பெரிசில மூண்டு பேஸ், ஒண்டு நியூட்ரல். சின்னது ரெண்டும் "நான் முழுசா உள்ளுக்குப் போயிட்டன்" எண்டு பிளேனுக்குச் சொல்லுறதுக்கு. அதுக்குள்ள கறுத்துப்போய், விளிம்பு உருகின மாதிரி இருந்தா அந்தக் கேபிளைக் குத்தாதீங்க, லோட் ஓடேக்க இழுத்து இழுத்து பொறி பறந்த கேபிள் அது, அடுத்த பிளேன்ட சொக்கெட்டில இருக்கிற பின்னையும் சேத்துத்தான் சாப்பிடும். நல்ல பிளக் எண்டா நேரா வச்சு, அடிமட்டும் தள்ளுங்க, ஆட்டி ஆட்டி ஏத்தக்கூடாது. ஏ320ல மூக்குச் சில்லுக்குக் கிட்ட இருக்கிற அந்தச் சின்னப் பேனல்ல மஞ்சள் லைட் எரிஞ்சா கரண்ட் வந்திட்டுது, வெள்ளை லைட்டும் எரிஞ்சா பிளேன் இன்னும் அதை எடுக்கேல்ல. மேல கொக்பிட்டில கேப்டனுக்கு பச்சையில தெரியும், அவர் அமத்தினா கீழ வெள்ளை லைட் அணைஞ்சிடும். அந்த வெள்ளை அணையுறதைக் கண்ணால பாத்திட்டுத்தான் நான் அங்கயிருந்து விலகுவன்.

இனித்தான் குளிர் காத்து

ஐரோப்பாவில நல்ல காலநிலையில இவ்வளவோட வேலை முடிஞ்சிடும், வயரைக் குத்தினா கேப்டன் ஏபியூவை நிப்பாட்டிடுவார். கட்டுநாயக்கவில மார்கழிப் பகலிலயும் 30 டிகிரி வரும், பக்கத்தில நீர்கொழும்புக் களப்பு, காத்தில ஒரே ஈரம். 150 சீட், வெயிலில காய்ஞ்ச தகரக் குழாய், உள்ளுக்குக் கிளீனிங் ஆக்கள். காத்து இல்லாம ஏபியூவை நிப்பாட்டினா கால் மணித்தியாலத்தில உள்ளுக்கு இடியப்பத் தட்டு மாதிரி அவியும். அதால கேப்டன் நிப்பாட்டமாட்டார், அவரைப் பிழை சொல்லவும் ஏலாது.

ஒருக்கா கல்ஃபில வெளியில 42 டிகிரி. நான் வயரையும் குத்தி, காத்து ஹோஸையும் பூட்டி, பெருமையா நிக்கிறன். ஏபியூ நிக்குதில்ல. ஹெட்செட்டில கேட்டா கேப்டன் சிரிச்சுக்கொண்டு "உங்கட காத்து இன்னும் வந்து சேரேல்ல" எண்டார். யூனிட்டைப் பாத்தா எல்லாம் சரி, ஐஸ் மாதிரிக் காத்து வெளிக்கிடுது. ஹோஸ் வழியே நடந்து போனன், நடுவில ஒரு பெக்கேஜ் டொலியின்ட பின்சில்லு மஞ்சள் ஹோஸுக்கு மேல ஏறி நிக்குது. அந்த டொலியை அங்க விட்டது வேற ஆர், நான்தான். அண்டையில இருந்து யூனிட்டைப் பாக்க முதல் ஹோஸ் வழியே ஒரு நடை நடக்கிறது பழக்கமாப் போச்சு.

அதனால வரிசை இதுதான். ஹோஸைத் தேவையான நீளத்துக்கு மேல விடாதீங்க, மிச்சத்தைச் சுருட்டி யூனிட்டுப் பக்கம் வைங்க, தரையில வளைஞ்சு நெளிஞ்சு கிடக்கிற ஒவ்வொரு மடிப்பும் காத்தைத் திண்ணும், வெயிலில சுடுற கொன்கிரீட் குளிரைத் திண்ணும். யூனிட்டில 3 டிகிரியில வெளிக்கிட்ட காத்து 25 மீட்டர் சுத்தி வந்து பிளேனுக்குள்ள ஏறேக்க அந்த 3 டிகிரியில இருக்காது. பிளேன் வயித்தில இருக்கிற கதவைத் திறந்து, கப்ளிங்கை ரெண்டு பக்கமும் கொளுவி, ஒருக்கா கீழ இழுத்துப் பாருங்க. ஏ330 எண்டா ரெண்டு ஹோஸ். முக்கியமான விஷயம் ஒண்டு, பிளேன்ட சொந்த ஏசி மெஷின், பெக் எண்டு சொல்லுறது, ஓடேக்க இந்தக் காத்தையும் சேத்து ஊதக்கூடாது, உள்ளுக்கு இருக்கிற ஒருவழி வால்வு ரெண்டு பக்கமும் இடிபட்டு அடிச்சுக்கொள்ளும். அதால மேல "பெக் ஓஃப்" எண்டு கேட்டபிறகுதான் யூனிட்டை முழுசா விடுங்க.

கீழ செய்யிறதில பாதி மேலயும் இருக்கு. ஆக்கள் இறங்கினவுடன வெயில் பக்க யன்னல் திரை எல்லாத்தையும் இழுத்து மூடச்சொல்லுங்க, தேவையில்லாத கதவைத் திறந்து வைக்கவிடாதீங்க. கேலிக்கு, அதாவது பிளேன்ட குசினிக்கு, சாப்பாடு ஏத்துறவர் பின்கதவை ஆவெண்டு திறந்துபோட்டு லொறியில இருந்து ஃபோன் கதைச்சா உங்கட யூனிட் களப்பைத்தான் குளிராக்கிக்கொண்டு இருக்கும். பிறகு இன்னொண்டு, எங்கட ஈரக் காத்தில ஹோஸிலயும் யூனிட்டிலயும் தண்ணி சொட்டும், அது வயித்துக்குக் கீழ ஆக்கள் நடக்கிற இடத்தில குளமாகும், வழுக்கும். யூனிட்டின்ட வடிகால் அடைச்சிருக்கோ எண்டு காலையில பாருங்க. ஃபில்டரையும்தான், களப்பு உப்பும் ரேம்ப் தூசும் சேந்து அதைச் சீக்கிரம் அடைக்கும்.

டீசல் ஜிபியூ சரியோ, பிழையோ?

சில பெடியள் கேப்பாங்க, டீசல் ஜிபியூவும் புகைதானே எண்டு. ஓம், புகைதான், ஆனா மணித்தியாலத்துக்கு 15, 20 லீட்டர்தான் குடிக்கும், 50 கிலோ மட்டில காபனீரொட்சைட்டு. ஏபியூ 110 கிலோ எரிச்சா கிட்டத்தட்ட 350 கிலோ. டீசல் காத்து யூனிட்டையும் சேத்தாலும் லாபம்தான். கரண்டில ஓடுற யூனிட் எண்டா இன்னும் நல்லம். 110 கிலோ ஜெட் எரிபொருளுக்குள்ள ஏறக்குறைய 1300 யூனிட் (கரண்ட் பில்லில வாற யூனிட், கிலோவாட் மணி) சக்தி இருக்கு. அதே பிளேனுக்கு வயரிலயும் குளிர் காத்திலயும் நான் போடுற கணக்கு கூடிப்போனா மணித்தியாலத்துக்கு 150 யூனிட். மிச்சம் எல்லாம் வாலால வெக்கையாயும் சத்தமாயும் போகுது. கரண்ட் முழுக்க நுரைச்சோலை நிலக்கரியில இருந்து வந்தது எண்டு கெட்ட கணக்குப் போட்டாலும், யூனிட்டுக்கு ஒரு கிலோ வச்சு 150 கிலோ, ஏபியூவின்ட பாதிகூட இல்ல. மலைநாட்டில நல்ல மழை பெய்ஞ்சு நீர்மின் ஓடுற மாசத்தில இன்னும் குறையும்.

கரண்ட் போனா எண்டுற கேள்வி எங்கட நாட்டில நியாயமானது. 2022 பங்குனிக் கடைசியில 13 மணித்தியாலக் கட் இருந்தது, 2025 மாசி 9ம் திகதி பாணந்துறை சப்ஸ்டேஷனில ஒரு குரங்கு ஏறினதால நாடு முழுக்க இருட்டாச்சு எண்டு அமைச்சரே சொன்னார். ஆகவே ஜெனரேட்டர் பெக்கப் கணக்கில பேயின்ட கன்வேட்டரும் வரவேணும், டீசல் ஜிபியூ ரெண்டு மூண்டை விக்காம ஓட்டிப் பாத்து வச்சிருங்க. சோலார் போட இடம் இருந்தா போடுங்க, பக்கத்தில கொச்சின் எயார்போர்ட் 2015லயே முழுக்க சோலாரில ஓடுற மாதிரி செய்திட்டுது.

வெளிக்கிடேக்க

வந்து நிக்கேக்க கஷ்டப்பட்டு மிச்சம் பிடிச்சதை வெளிக்கிடேக்க விடுறது வழமை. ஆக்கள் ஏறத் தொடங்கவே ஏபியூவைப் போட்டுடுவாங்க. அரை மணித்தியாலம் சும்மா ஓடும். ஏபியூ ஸ்டார்ட் ஆகி ரெடியாக ஒரு நிமிஷம் மட்டில போதும், ஆகவே கடைசிக் கதவு மூடுற நேரத்துக்குக் கிட்ட, புஷ்பேக்குக்கு (பிளேனைப் பின்னால தள்ளுறதுக்கு) அஞ்சு நிமிஷம் முந்திப் போட்டாக் காணும். ஆனா கேப்டன் அப்பிடிக் காத்திருக்கவேணும் எண்டா கீழ இருந்து வாற காத்தில அவருக்கு நம்பிக்கை வேணும், நிரம்பின பிளேனுக்குள்ள 27 டிகிரி காட்டினா அவர் கேக்கமாட்டார். கழட்டுற வரிசை: முதல்ல காத்தை நிப்பாட்டி ஹோஸைக் கழட்டுங்க, பிறகு கேப்டன் கரண்டை விட்டு, அந்த வெள்ளை லைட் திரும்ப எரியிறதைப் பாத்து, ஜிபியூவில ஓஃப் பண்ணி, கேபிளை இழுங்க. லைட் பாக்காம இழுக்கிறவர்தான் மேல சொன்ன கறுத்த பிளக்கைச் செய்யிறவர்.

ஏபியூ பழுதான பிளேன் வந்தா, பெரிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ண அமுக்கக் காத்துக் குடுக்கிற எயார் ஸ்டார்ட் யூனிட் வேணும். அதால ஒரு எஞ்சினை பேயிலயே ஸ்டார்ட் பண்ணிப்போட்டு, மற்றதைத் தள்ளினபிறகு அதிலயிருந்து எடுப்பாங்க. ஏபியூவின்ட காத்தையும் அந்த யூனிட்டின்ட காத்தையும் ஒரே நேரம் குடுக்கிறதில்ல.

டாக்ஸி (ரன்வேக்கும் பேக்கும் நடுவில பிளேன் தரையில ஊர்றது) பற்றி நீட்டேல்ல. ஐசிஏஓ கணக்கில வந்து போக எல்லாமா 26 நிமிஷம், ஏ320 ரெண்டு எஞ்சினும் சும்மா சுத்தேக்க நிமிஷத்துக்கு 12 கிலோ மட்டில. இறங்கினபிறகு எஞ்சின் ஆறினவுடன ஒண்டை நிப்பாட்டி வாறது லேசான மிச்சம், அது கேப்டன்ட முடிவு, நனைஞ்ச தரை, பாரம் எல்லாம் பாக்கவேணும். டாக்ஸிபொட் எண்டு, பைலட்டே ஓட்டுற இழுவை வண்டி ஒண்டு இருக்கு, 2019 ஐப்பசியில டெல்லியில ஏர் இந்தியா ஆக்களோட ஒரு ஏ320ஐ அதால இழுத்துக்கொண்டு போச்சுது. டெல்லி மாதிரி மணிக்கணக்கா ஊர்ற இடத்துக்குச் சரி. ஒற்றை ரன்வே உள்ள கட்டுநாயக்கவில அந்தக் காசுக்கு முதல்ல குளிர் காத்து யூனிட் வாங்கச் சொல்லுவன்.

எலெக்ட்ரிக் வண்டி

பெக்கேஜ் ட்ராக்டர், பெல்ட் லோடர் ரெண்டையும் முதல்ல மாத்துங்க, கிட்டத் தூரம், மெல்லிய வேகம், நிண்டு நிண்டு ஓடுற வேலை, பெட்டரிக்கு எண்டே செய்த வேலை. பெரிய புஷ்பேக் வண்டி கடைசியா. லெட் அசிட் பெட்டரிக்குத் தண்ணி பாக்க ஆள் வேணும், லித்தியம் விலை கூட ஆனா ஃபிளைட்டுக்கு நடுவில கிடைக்கிற அரை மணித்தியாலத்தில குத்தி எடுக்கலாம். சார்ஜர் பேக்குக் கிட்ட இல்லாட்டி ஒருத்தரும் கொண்டுபோய்க் குத்தமாட்டாங்க, இது நான் பந்தயம் கட்டிச் சொல்லுவன். களப்பு உப்புக்காத்தில கனெக்டர் பச்சை பிடிக்கும், ஐப்பசி மழைக்குச் சார்ஜருக்கு மேல கூரை வேணும்.

ஆர் காசு குடுக்கிறது?

இந்தக் கேள்வியிலதான் கன திட்டம் படுத்துடுது. ஏபியூ எரிபொருள் எயார்லைன்ட செலவு, ஜிபியூவும் காத்தும் இன்னொருத்தர்ட வருமானம், அதை மணித்தியாலக் கணக்கில பில் போட்டா ஸ்டேஷன் மனேஜர் "வேண்டாம், ஏபியூ ஓடட்டும்" எண்டுவார், ஏனெண்டா அந்த எரிபொருள் அவர்ட ஒபிஸ் பில்லில வாறதில்ல. கரண்டையும் காத்தையும் பே வாடகைக்குள்ளயே போட்டுடுங்க. காசு எப்பிடியும் குடுத்தாச்சு எண்டா எல்லாரும் பாவிப்பாங்க, புஃபேயில ரெண்டாம் தட்டு எடுக்கிற மாதிரி. பிறகு சட்டம். சூரிச் 1997லயே புகைக்கேத்த இறங்கு கட்டணம் கொண்டுவந்தது. ஏபியூவுக்கு நேர வரம்பு போட்ட எயார்போர்ட் ஐரோப்பாவில கன இருக்கு, ஆனா வரம்பு போட முதல் சாமான் வேலை செய்யவேணும், பழுதான பேக்கு விதிவிலக்கு எழுதியே வைக்கவேணும். இங்க வெளி வெப்பநிலையையும் சேத்து எழுதுங்க: காத்து யூனிட் இருக்கிற பேயில வந்து அஞ்சு பத்து நிமிஷம், போக அஞ்சு பத்து நிமிஷம், யூனிட் இல்லாத பேயில வெக்கை பாத்து.

ரெண்டு கிழமைக் கொப்பியை ஆறு மாசத்துக்குப் பிறகு திரும்பப் போடுங்க. கூட்டிப் பாக்க ஏசிஐ எண்டுற உலக எயார்போர்ட் சங்கத்தின்ட ஏசெர்ட் எண்டுற எக்செல் ஃபைல் சும்மா கிடைக்குது. ஆனா மொத்தத் தொகையை மனேஜருக்குக் குடுத்துட்டு, நீங்க "ஏபியூ ஏன் ஓடினது" கட்டத்தை மட்டும் எடுத்து வாசிங்க. "வயர் இல்லை" எண்டு வந்தா ஜிபியூ எண்ணிக்கை பத்தாது. "காத்துச் சூடு" எண்டு ஒரே பேயில திரும்பத் திரும்ப வந்தா, யூனிட் மெக்கானிக்கைக் கூப்பிட முதல் அந்தப் பேக்குப் போய் ஹோஸ் வழியே ஒருக்கா நடங்க.